தெரிந்த பூட்டு

சாவிக்காரருக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். வேலையும் சுத்தம், அந்தத் தெருவில் அவர் கைபடாத பூட்டு கிடையாது. இரும்புக்கடை முதலாளியின் மேசை இழுப்பறை சிக்கிக்கொண்டபோது, அவருடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்துதான் சரிசெய்தார். வேலை முடிந்ததும் முதலாளி பினாயில் கொண்டுவரச் சொல்லி, வாடிக்கையாளர்கள் பார்க்க நாற்காலியைத் துடைக்க வைத்தார்.

அன்றிலிருந்து சாவிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. "விடுங்க, அந்தாளு புத்தி அவ்வளவுதான்" என்றாள் மனைவி. விடுவதாவது. அந்த நாற்காலியை அடுப்பில் வைத்து எரித்தால்தான் மனசு ஆறும் என்று கறுவிக்கொண்டிருந்தார்.

விடுமுறை நாளில் முதலாளி வெளியூர் போனார். கடைப் பூட்டுக்குச் சாவி செய்து கொடுத்ததே இவர்தான். தனக்கும் ஒன்று செய்துகொண்டார். பட்டப்பகலில் நாற்காலியை வெளியே கொண்டுவந்து பக்கத்துச் சந்தில் தள்ளுவண்டியில் ஏற்றினார். அதற்குள், சாப்பிட்டுத் திரும்பிய கடை வாட்ச்மேன் ஷட்டர் தூக்கியிருப்பதைப் பார்த்து உள்ளே நுழைந்துவிட்டார். சாவிக்காரர் பதறிப்போய் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு ஓடினார். வாட்ச்மேனுக்கு மூச்சிழுப்பு உண்டென்று தெருவுக்கே தெரியும்.

ஷட்டரைத் தட்டும் சத்தம் கேட்டவர்கள் பூட்டைத் திறக்க வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? இவரைத்தான் அழைத்து வந்தார்கள். சாவி சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்தால் மாட்டிக்கொள்வார்; கம்பியால் சட்டென்று திறந்தாலும் சந்தேகம் வரும். அதனால் வேண்டுமென்றே தடவினார். "துரு ஏறிக் கெடக்கு" என்றார்.

"அண்ணே, நீங்களா? சீக்கிரம் திறங்கண்ணே" என்றார் உள்ளே இருந்தவர். பிறகு இருமல் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது. திறந்தபோது உயிர் இல்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் இவரைச் சந்தேகிக்கவேயில்லை, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். தகவல் கேட்டு ஊரிலிருந்து ஓடிவந்த முதலாளிதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"வேலை தெரியாதவனைக் கூப்பிட்டா இப்படித்தான் ஆகும். உருப்படியான ஆளா இருந்தா அவன் பொழச்சிருப்பான்."

சாவிக்காரருக்குத் தலைக்கேறியது. "யாருக்கு வேலை தெரியாது?" என்று மேசைமேல் இருந்த அதே பூட்டை எடுத்தார். கம்பியை விட்டார். முதலாளி அடுத்த வார்த்தை பேசுவதற்குள் பூட்டு திறந்துகொண்டது.

"அப்ப அங்க மட்டும் ஏன்யா அவ்வளவு நேரம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சட்டைப் பையைச் சோதித்தார்கள். சாவி கிடைத்தது. நாற்காலித் திருட்டு கொலை வழக்கானது.

சிறைக்குப் பார்க்க வந்த மனைவியிடம் சாவிக்காரர் சிரித்தார். "அன்னிக்கு ஸ்டேஷன்ல பூட்டு திறந்ததும் அந்தாளு மூஞ்சி செத்துப்போச்சு. நீ பார்த்திருக்கணும்."

"நான் வாட்ச்மேன் பொண்டாட்டி மூஞ்சியப் பார்த்தேன்" என்றாள் அவள்.