பெயர் வெட்டிய டம்ளர்கள்

பாலை ஊற்றிவிட்டுத் திரும்பும் வழியில் சகாயராணி எக்ஸெல் வண்டியை மறுபடியும் நிறுத்துகிறார். வேலியோரம் யாரோ வீசிய பாலித்தீன் பை. உள்ளே பழைய சோறு. குனிந்து முடிச்சை அவிழ்க்கிறார். சோற்றை மண்ணில் கொட்டி, பையை உதறி, வண்டியில் தொங்கும் சாக்குக்குள் திணிக்கிறார். அவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, கிறிஸ்துமஸ் காலையில் பொம்மிடியில் ரயிலிறங்கியிருந்தேன். ஊர் போய்ச் சேர்வதற்குள் நானும் பின்னாலிருந்து பல தடவை இறங்கி ஏறினேன்.

“முடிச்சுப் போட்டு வீசறாங்க. மாடு அவுத்தா திங்கும்?”

நாற்பத்தைந்து வயதிருக்கும். திருநாளென்று பாலுக்கு விடுமுறை கிடையாது. யாரிடம் பேசினாலும் முதலில் அவர்கள் கையைத்தான் பார்க்கிறார், ஏதாவது கவர் இருக்கிறதா என்று. நான் வாங்கிப்போன கேக்கை எவர்சில்வர் தட்டுக்கு மாற்றிக்கொண்டு, கவரை மடித்து என்னிடமே தந்துவிட்டார். “ஊருக்குப் போறப்ப கொண்டுபோயிடுங்க.”

போன கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் அவருடைய செவலைப் பசு தீனி எடுக்காமல் நின்றது. வயிறு உப்பி, விழுந்து, எழவேயில்லை. கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தார். சாப்பாட்டுப் பைகள், கேக் கவர்கள், நட்சத்திரத்தில் ஒட்டுகிற ஜிகினாத் தாள் எல்லாம் சேர்ந்து ஒரே உருண்டை. பல நாளாகச் சேர்ந்தது என்றாராம்.

“யாரு வூட்டு கவருன்னு எப்படிங்க சொல்றது? எங்க வூட்டுதும் அதுல இருந்திருக்கும்” என்கிறார் சகாயராணி. குரல் உயரவில்லை.

கோயிலில் ஊருக்கே போடும் கிறிஸ்துமஸ் விருந்துக்காக இந்த வருடம் கூடிய கூட்டத்தில், வருகிறவர்கள் அவரவர் தட்டும் டம்ளரும் கொண்டுவரட்டும் என்று எழுந்து சொல்லியிருக்கிறார். இளைஞர் குழுவை நடத்தும் ஆண்டோ அவருடைய அண்ணன் மகன். அவன்தான் முதலில் மறுத்தான்.

“விருந்துன்னு கூப்புட்டுட்டு தட்டு கொண்டாங்கன்னா, வர்றவங்க மூஞ்சி என்னாவும் அத்தை?”

அவன் சொன்னது அவருக்கும் நியாயமாகவே பட்டது. வாழை இலைக்குச் சொல்லிவிட்டு, வீடு வீடாகப் போய்ப் பரணில் கிடந்த கல்யாண டம்ளர்களை இரவல் கேட்டார். ஜிகினாத் தாளுக்குப் பதிலாகத் தோரணத்துக்குக் கிழிந்த புடவைகள் வந்தன.

பூசை முடிந்து பந்தி உட்கார்ந்தபோது ஒரு வேடிக்கை பார்த்தேன். டம்ளரை எடுத்தவர்கள் உடனே குடிக்கவில்லை. திருப்பித் திருப்பி, அதில் வெட்டியிருந்த பெயரைப் படித்தார்கள். தீர்த்தம்மாள் என்ற அம்மா கைக்கு வந்தது, பக்கத்து வீட்டு மிக்கேலம்மாளின் கல்யாணத்துக்கு அவரே பெயர் வெட்டிக் கொடுத்த டம்ளர்.

“நீ இத பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டிருப்பேன்னு நெனச்சேன்” என்றார். பரிமாறிக்கொண்டிருந்த மிக்கேலம்மாள் அவர் இலையில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார்.

தேநீர் நேரத்தில்தான் சிக்கல். கழுவ ஆள் போதாமல் வரிசை நீண்டது. ஆண்டோ எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைத்திருந்த காகிதக் கப்புகளோடு வந்து அத்தையைப் பார்த்தான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் தயங்கியவன், நிற்க முடியாதவர்களுக்கு மட்டும் கப்பில் கொடுத்தான். பிறகு அவனும் வந்து ஒரு டம்ளரை எடுத்துத் தேய்த்தான். காலிக் கப்புகளைக் கடைசியில் பொறுக்கியதும் அவன்தான்.

சாயங்காலம், எலும்பு தட்டி அலசிய இலைகள் சகாயராணி வீட்டுக் கொட்டகைக்கு வந்தன. மிச்சமிருக்கும் ஒரே கறவை கழுத்தை நீட்டியது. அவர் ஓர் இலையை எடுத்து, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு நீட்டினார். மாடு மென்றது. அது விழுங்கி முடிக்கும்வரை அதன் தொண்டையில் கையை வைத்திருந்தார். அப்புறம்தான் அடுத்த இலையை எடுத்தார்.