வெல்டா ஹோக்ஸ்ட்ரா நிரப்பிய அரங்கம்

பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வேலை கிடைத்தபோது வெல்டா ஹோக்ஸ்ட்ராவுக்குத் தலைகீழாக நிற்கக்கூடத் தெரியாது. அது 1974. அயோவாவில், சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் ஓட்டர் பிரெய்ரி கல்லூரியில் அவள் உடற்பயிற்சியும் தட்டச்சும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆண்களுக்கு அணி வைத்தால் பெண்களுக்கும் வைத்தாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. விளையாட்டுத் துறை இயக்குநர் கிளிஃப் டியர்டோர்ஃப் ஆசிரியர்களைக் கூட்டி, யார் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். வெல்டா கையைத் தூக்கினாள்.

பண்ணை வீட்டில் சொன்னதும் அவள் கணவன் கெரிட் சிரித்த சிரிப்பில் கொட்டிலிலிருந்த பன்றிகள் மிரண்டன.

"உனக்கு இருபத்தொன்பது வயசு. குட்டிக்கரணமாவது போட்டிருக்கியா?"

"இல்ல. நீ வந்து காலைப் பிடி."

வைக்கோல் கொட்டகையில் ஆறு வாரம் கெரிட் அவள் கணுக்காலைப் பிடித்தான். நூலகத்தில் இரண்டு புத்தகம் இருந்தது; ஒலிம்பிக் போட்டியைப் படம் பிடித்த பழைய சுருள் ஒன்று கிடைத்தது. அதை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, ஒவ்வொரு அசைவையும் குச்சி மனிதர்களாக நோட்டில் வரைந்தாள். தனக்கு முடியாததைக்கூட மற்றவர் செய்யும்போது எங்கே பிசகுகிறது என்று பார்த்துவிடும் கண் தனக்கு இருக்கிறது என்பதை அந்த வருடம்தான் கண்டுபிடித்தாள்.

பயிற்சிக்குக் கிடைத்த கூடம் மல்யுத்த அணியுடையது. அந்த ஊரில் மல்யுத்தம் என்றால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு அடுத்தபடி. அதன் பயிற்சியாளர் டார்ல் ஊஸ்டிங் நான்கு மணிக்குக் கதவருகே வந்து நின்றுவிடுவார்.

"என்ன வெல்டா, பொம்மைங்க ஆடி முடிச்சாச்சா? இங்க நெஜ விளையாட்டு காத்துக்கிட்டிருக்கு."

"ஆச்சு டார்ல். உங்க பசங்களோட வியர்வை நாத்தம் போக ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கேன். மூடிடாதீங்க."

வெல்டாவும் அவள் அணிப் பெண்களும் தினமும் கருவிகளைச் சுமந்து வந்து பூட்டி, பயிற்சி முடித்து, கழற்றிச் சுமந்து போனார்கள். அப்படி ஒன்பது வருடம். அணி ஜெயிக்கவும் தொடங்கியிருந்தது. ஆனால் 1983 வசந்தத்தில் கிளிஃப் அவளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் அல்ல.

"இந்த வருஷத்தோட அணியை நிறுத்திடலாம்னு நிர்வாகக் குழு நினைக்குது, வெல்டா."

"பதினோரு போட்டியில ஒன்பது ஜெயிச்சிருக்கோம்."

"ஜெயிச்சீங்க. யார் பாத்தா? கடைசிப் போட்டிக்கு நாப்பத்திரெண்டு பேர். அதுல ஏழு பேர் வெளியில குளிர் தாங்காம உள்ள ஒதுங்கினவங்க."

"மல்யுத்தத்துக்கு எத்தனை பேர் வர்றாங்க?"

"ஆயிரம்."

"அப்ப ஆயிரத்தொண்ணு. ஒரு வருஷம் குடுங்க."

கிளிஃப் கொடுத்தார். தோற்பாள் என்று நினைத்துத்தான் கொடுத்தார் என்று பிற்பாடு அவரே சொன்னார்.

ஜூலையில் மாவட்டச் சந்தை கூடியது. குதிரைக் கொட்டகைக்குள் ஒரு மூலையை வெல்டா கேட்டு வாங்கினாள். பெண்கள் மேலே ஏறி நடந்து துள்ளும் நீளக் கட்டைகளான பீம்களில் இரண்டைக் கொண்டுவந்து வைத்தாள். நான்கே அங்குல அகலம். ஒன்று தரையோடு தரையாக, இன்னொன்று போட்டிக்குரிய நான்கடி உயரத்தில். பக்கத்தில் ஒரு பலகை: தரையில் இருப்பதை விழாமல் கடந்தால் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் இலவசம். விழுந்தால் ஜனவரியில் எங்கள் போட்டிக்கு வரவேண்டும்.

பூட்ஸ் போட்ட விவசாயிகள் வரிசை கட்டினார்கள். டிராக்டர் ஓட்டுகிறவன், பால் வண்டிக்காரன், பாதிரியார், வங்கி மேலாளர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் ஏறினார்கள், சரிந்தார்கள். விழுந்தவர் பெயரையும் முகவரியையும் வெல்டா எழுதிக்கொண்டாள். அவர் எழுந்து தூசி தட்டும்போது, தலைக்கு மேலே உயரமான பீமில் அவளுடைய பெண்களில் ஒருத்தி பின்பக்கமாகத் துள்ளி, கை ஊன்றி, மறுபடி அதே நான்கு அங்குலத்தில் வந்து நிற்பாள்.

மூன்றாம் நாள் டார்ல் ஊஸ்டிங் வந்தார். கூட்டம் வழிவிட்டது. தரை பீமில் ஏறி, மூன்றாவது எட்டில் பக்கவாட்டில் சரிந்தார்.

"காத்து அடிச்சிருச்சு," என்றார்.

"கொட்டகைக்குள்ள ஏது டார்ல் காத்து?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார்.

டார்ல் மேலே அண்ணாந்து பார்த்தார். பெக்கி என்ற மெலிந்த பெண் ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டிருந்தாள். அவள் இறங்கும்வரை அசையாமல் நின்றார். பிறகு வெல்டாவின் நோட்டை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினார்.

சந்தை முடிந்தபோது அறுநூற்றுச் சொச்சம் பேர் விழுந்திருந்தார்கள். பத்தொன்பது பலகாரம் போயிருந்தது. டிசம்பரில் வெல்டா ஒவ்வொருவருக்கும் தன் கையால் அஞ்சலட்டை எழுதினாள்: "நீங்கள் விழுந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஜனவரி 14, பிற்பகல் இரண்டு மணி."

ஜனவரி 14 காலையில் பனி கொட்டித் தீர்த்தது. ஒன்பது மணிக்குச் சாலையே தெரியவில்லை. வெல்டா ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கெரிட் டிராக்டரை எடுத்துக்கொண்டு போனான். அவள் அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனோடு பதினோரு டிராக்டர்கள் வழியை வெட்டிக்கொண்டிருந்தன. உள்ளே டார்லின் மல்யுத்தப் பையன்கள் மெத்தைகளை இழுத்து விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதைச் செய்யச் சொன்னது யாரு?" என்றாள்.

"யாரும் சொல்லல. பொம்மைங்க முதுகு ஒடிஞ்சிடக்கூடாதில்ல," என்றார் டார்ல்.

விழுந்தவர்கள் வீட்டோடு வந்தார்கள்; சீட்டுக் கணக்குப்படி இரண்டாயிரத்து நூற்றுப்பன்னிரண்டு பேர். பீமில் ஏறிய ஒவ்வொரு பெண்ணுக்கும் அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், அது எவ்வளவு குறுகலானது என்று அவர்கள் பாதங்களுக்குத் தெரிந்திருந்ததால். கிளிஃப் வாசலில் நின்று எண்ணினார். ஆயிரத்தைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். அணியை நிறுத்துவது பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. இரண்டு வருடத்தில் தனிக் கூடமே கட்டிக்கொடுத்தார்கள்.

பெரிய பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டன. வெல்டா போகவில்லை. அவர்கள் வேண்டாமென்று கழித்த பெண்களைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்படி வந்தவள்தான் டீட்ரா கோவாச், கிளீவ்லாந்து எஃகு ஆலைத் தொழிலாளியின் மகள்.

1991 ஏப்ரல், தேசிய இறுதிப் போட்டி. கடைசிச் சுற்று பீம். ஆறு பேர் ஏறுவார்கள், ஐந்து பேருடைய மதிப்பெண்தான் கணக்கு. முதலில் ஏறிய பெண் விழுந்துவிட்டாள். இனி ஒருவரும் விழக்கூடாது. நான்கு பேர் நின்று காட்டினார்கள். கடைசி ஆள் டீட்ரா. இரண்டு வாரத்துக்கு முன், மண்டலப் போட்டியில் இதே பீமிலிருந்து விழுந்தவள். வரிசையை மாற்றலாம் என்று உதவிப் பயிற்சியாளர் நார்ம் காலையிலிருந்தே கெஞ்சிக்கொண்டிருந்தார். வெல்டா மாற்றவில்லை.

"கோச், நான் விழுந்துட்டா?"

"விழுந்தா ஏறு. ரெண்டாம் இடம். ராத்திரி அதே சாப்பாடுதான்." வெல்டா அவள் கையில் சுண்ணப்பொடியைத் தட்டிவிட்டாள். "ஆனா உனக்குத் தைரியம் வரணும்னு நான் உன்னைக் கடைசியில போடல. இங்க இருக்கறவங்கள்ல நீதான் நல்லாப் பண்றவ. போ."

இரண்டாவது துள்ளலில் டீட்ராவின் இடுப்பு வலப்பக்கம் சாய்ந்தது. ஒரு கால் அந்தரத்தில் தொங்கியது. அவள் முழங்காலை மடக்கி, கைகளை அகல விரித்து, விடாப்பிடியாக நின்றாள். பிறகு மீதியை, வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோலச் செய்து முடித்து, குதித்து இறங்கி, ஆணி அடித்தாற்போல் நின்றாள். ஜெயிக்கப் பத்துக்கு 9.7 வேண்டியிருந்தது. பலகையில் 9.85 விழுந்தது.

பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். வெல்டா அவர்களைத் தாண்டி, முதலில் விழுந்த பெண் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்த நாற்காலிக்குப் போனாள். துண்டை இழுத்தாள்.

"எழுந்திரு. கோப்பையில உன் பேரும் இருக்கு."

மறுநாள் மதியம் பேருந்து ஊரை நெருங்கியபோது, நெடுஞ்சாலையின் இருபுறமும் எட்டு மைல் தூரத்துக்குத் தானிய லாரிகள் நின்றன. எல்லாம் ஒரே சமயத்தில் ஒலி எழுப்பின. தீயணைப்பு வண்டியின்மேல் கெரிட் நின்றிருந்தான். அவன் அழுததை அந்தக் கூட்டமே பார்த்தது. அரங்க வாசலில் ஒலிபெருக்கியை வெல்டாவின் கையில் திணித்தார்கள்.

"திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்குப் பயிற்சி," என்றாள்.

பெண்கள் ஒரே குரலில் முனகினார்கள். திங்கட்கிழமை எல்லோரும் வந்தார்கள். அடுத்த வருடமும் கோப்பை ஓட்டர் பிரெய்ரிக்கே வந்தது.