நானூற்றோராவது கோப்பு

மெலனிக்கு அந்த வேலை கிடைத்தபோது வயது நாற்பத்திரண்டு. அதுவரை திருகோணமலை நகரில் ஒரு கடையில் காணி உறுதிப் பத்திரங்களைத் தட்டச்சு செய்துவந்தார். கடை மூடியதும், திமிங்கிலங்களின் ஒலியைப் பதிவுசெய்யும் சிறிய ஆய்வுக்குழு ஒன்று அவரைச் சேர்த்துக்கொண்டது. படகிலிருந்து வரும் ஒலிக்கோப்புகளை நாள்வாரியாகப் பிரித்து வைப்பது அவர் பொறுப்பு.

கணினி பழையது. மவுஸால் நூறு கோப்புகளை ஒன்றாக இழுத்தால் திரை உறைந்துவிடும். அதனால் கறுப்புத் திரையில் mv என்று கட்டளை எழுதி நகர்த்தப் பழகிக்கொண்டார். பழகியதும் ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. ஒரே டிஸ்க்குக்குள் எவ்வளவு பெரிய கோப்பும் கண்ணிமைப்பதற்குள் இடம் மாறுகிறது. வெளி டிஸ்க்குக்கு மட்டும் ஏன் இத்தனை நேரம்?

ஒருநாள் ஒரு பதிவை ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு கோப்புறைக்கு நகர்த்திப் பார்த்தார். ஒலி அறுபடவில்லை.

“ஆள் இருந்த இடத்திலதான் இருக்கு. விலாசம்தான் மாறியிருக்கு,” என்றார் தனக்குத்தானே.

அப்படியானால் வெளி டிஸ்க்கில் முழுவதையும் புதிதாக எழுதவேண்டும். எழுதி முடிக்கும்வரை பழையது என்னவாகும்?

விடை மார்ச் மாதம் கிடைத்தது. நானூறு கோப்புகள் வெளி டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருந்தன. குழுத் தலைவி நிவேதிகா வேகமாக உள்ளே வந்தார்.

“அக்கா, அந்த டிஸ்க் இப்பவே வேணும். படகு வெளிக்கிடப் போகுது, போற வழியில பதிவுகளைக் கேக்கவேணும்.”

“இன்னும் முடியேல்லை, நிவேதிகா.”

“பரவாயில்லை, நிப்பாட்டுங்கோ.”

மெலனி கட்டளையை நிறுத்தினார். ஆனால் டிஸ்க்கைக் கழற்ற மனம் வரவில்லை. இரு பக்கமும் எத்தனை கோப்புகள் என்று கணினியிடமே கேட்டார். அங்கே, டிஸ்க்கில், இருநூற்றுப் பதின்மூன்று. இங்கே, கணினியில், நூற்று எண்பத்தெட்டு.

“நானூற்றொண்டு வருது,” என்றார்.

“குறைஞ்சால்தானே பயம்? கூடினால் என்ன?”

“ஒரு கோப்பு ரெண்டு பக்கமும் இருக்குது. அஞ்சு நிமிஷம் தாங்கோ.”

பெயர்களை ஒப்பிட்டபோது அது அகப்பட்டது. அங்கே இருந்தது பாதி அளவுதான். இங்கே இருந்தது முழுசு. எழுதி முடிந்த பிறகுதான் பழையதை அழிக்கிறது இந்தக் கட்டளை.

அரைகுறையை ஓடவிட்டார். கதவில் விரலால் தட்டுவது போன்ற திமிங்கில ஒலி. நடுவில் சட்டென்று நின்றது.

“இதையே கொண்டுபோயிருந்தா, பதிவுக் கருவி பழுதெண்டு நினைச்சிருப்பன்,” என்றார் நிவேதிகா. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “முழுசைப் போடுங்கோ, அக்கா.”

முழுசைப் போட்டார்கள். அறுந்த இடத்தைத் தாண்டியும் ஓடிய தட்டல் பிறகு நின்றது. சற்று நேரம் வெறும் தண்ணீர் இரைச்சல். பிறகு தூரத்திலிருந்து வேறொரு தட்டல், வேறு வேகத்தில்.

“ரெண்டு பேர்!” என்றார் மெலனி.

அன்று படகு முக்கால் மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. அதில் மெலனியும் இருந்தார்.