நமைச்சலும் அப்பாவின் காவடியும்

அப்பா காவடி எடுப்பாரா, மாட்டாரா? அந்த வருஷம் வீட்டில் இதுதான் ஒரே கேள்வி. எனக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் பத்துமலைக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தார். மகள் பிறந்துவிட்டாள். தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்பா பாலன் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். அவர் பேச்சும் சிரிப்பும் ஹாரன் மாதிரி. அப்படிப்பட்டவர் விரதம் தொடங்கிய பிறகு பேச்சைக் குறைத்தார். கால்களை அகட்டி நடந்தார். அம்மா கேட்டதற்கு லோரி சீட்டின் சூடு என்றார்.

என்னிடம் காரில்தான் சொன்னார், சாலையைப் பார்த்தபடி.

"கீழ நமச்சல்டா. தோல் செவந்து வெடிச்சிருக்கு. விரதத்துல எங்கயோ தப்பு பண்ணிட்டேன். சாமி குத்தம்."

குற்றம் என்று முடிவு செய்ததும் சுத்தத்தைக் கூட்டியிருக்கிறார். நினைத்தபோதெல்லாம் குளியல், வாளித் தண்ணீரில் கிருமிநாசினி, அந்த இடத்துக்கு மருந்துச் சோப்பு. எரிந்தால் அதுவும் வேண்டுதல் என்று பொறுத்துக்கொண்டார். அவர் கூட்டாளி குரு பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிக் கொடுத்த களிம்பு முதலில் அடக்கியது, பிறகு இரட்டிப்பாகக் கிளப்பியது. காவடியைக் குருவிடமே ஒப்படைக்கப்போவதாகச் சொன்னார்.

நான் கையுறைத் தொழிற்சாலையில் தரச் சோதனை பார்ப்பவன். பழுது வந்தால் காரணம் தேடுவேன். நேராக பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்குக்கு வண்டியை விட்டேன். பெயர்ப்பலகையில் 'டாக்டர் மாதவி' என்று பார்த்ததும் அப்பா பதறினார்.

"பொம்பள டாக்டரா? திருப்புடா காடிய."

"இங்க எல்லாம் ஒன்வே பா. திருப்ப முடியாது."

டாக்டர் பார்த்தார். அடிக்கடி தாகம் எடுக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று கேட்டார். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். கருவியில் எண் ஏறி நின்றது. சோப்பையும் களிம்பையும் பற்றி நான் சொன்னேன். விரதச் சாப்பாட்டைக் கேட்டார். பால், வாழைப்பழம், சர்க்கரைப் பொங்கல், ரோஜா சிரப் என்று அப்பா பெருமையாக அடுக்கினார்.

"சாமி குத்தம் இல்ல அங்கிள். பாதி அந்த மருந்துச் சோப்பு. மீதி சுகர்."

நீரிழிவு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. சிறுநீரில் இறங்கும் சர்க்கரையில் பூஞ்சை வளர்கிறது. வியர்வையும் இறுக்கமான ஈர உள்ளாடையும் அதற்குத் துணை. கிருமிநாசினி தோலை அரித்துவிடுகிறது. டாக்டர் சொன்னது எளிது. சோப்பு, பவுடர், பழைய களிம்பு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். முன்தோலை மெதுவாகப் பின்தள்ளி வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, தோலைப் பழையபடி முன்னே கொண்டுவர வேண்டும். தளர்வான பருத்தி உள்ளாடை. பூஞ்சைக்கான களிம்பைச் சொன்ன நாள் வரை தடவ வேண்டும், நமைச்சல் நின்றாலும். அம்மாவுக்கும் அரிப்பு இருந்தால் அவரும் வந்து காட்ட வேண்டும். ஆறாத புண், ரத்தம், சிறுநீர் அடைப்பு என்றால் காத்திருக்கக் கூடாது.

அப்பா காதில் எதுவும் ஏறவில்லை.

"காவடி எடுக்கலாமா டாக்டர்?"

"தோல் ஆறட்டும். சுகர் இறங்கட்டும். வந்து காட்டுங்க. அலகு குத்துறது மட்டும் இந்த வருஷம் வேணாம்."

அன்றிலிருந்து வீடு ஒரு பந்தய மைதானம். தினமும் காலையில் சர்க்கரை எண்ணை அப்பா குளியலறை வாசலில் நின்று கத்துவார். இறங்கினால் தெருவுக்கே கேட்கும். சர்க்கரைப் பொங்கல் போய் கடலையும் கீரையும் வந்தன. எரிச்சல் முதலில் அடங்கியது. பிறகு சிவப்பு. மறுபடி போனபோது டாக்டர் கட்டைவிரலை உயர்த்தினார். அப்பா அங்கேயே ஓர் ஆட்டம் போட்டார், மருந்து வாங்க நின்றவர்கள் முன்னால்.

தைப்பூசத்தன்று ஆற்றில் குளித்து மஞ்சள் வேட்டியோடு எழுந்தார். வழக்கமாக அந்த ஈரத்தோடே மலை ஏறுவார். அன்று பையிலிருந்து காய்ந்த வேட்டியைக் கேட்டார். பார்த்த குருவுக்குத் தாங்கவில்லை.

"என்னா பாலா, மாப்பிள்ளை மாதிரி டிரெஸ் மாத்துற?"

"உனக்கும் அரிச்சா டாக்டரப் பாரு லா. களிம்பு வாங்கித் தராத."

உருமி மேளம் எழும்பியது. காவடி அவர் தோளில் சுழன்றது. என் மகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிய எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்கு வாங்கவில்லை.

அப்பா போன வருஷம் போய்விட்டார். மாரடைப்பு. லோரியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத்தான் போனார்.

இந்த வருஷம் காவடி என் தோளில். பையை என் மனைவி புனிதா தூக்கி வருகிறாள். அதில் காய்ந்த வேட்டி இருக்கிறது.