ஆக்டிவ் இல்ல, ரியாக்டிவ்

யாழினி, அம்மா இன்னைக்கு ஒரே குஷிடி. கை நிக்கமாட்டேங்குது, அதான் எழுதுறேன்.

யாழினி என் பொண்ணு. எட்டாம் மாசம் வயித்துலயே போயிட்டா. நான் ஏழாவது வரைக்கும்தான் படிச்சேன். இப்போ பென்னலூர் பக்கம் மாசமா கீறவங்களுக்கு ரத்தம் எடுக்குற கேம்ப்ல வேலை. டோக்கன் குடுக்கணும், பேர் கூப்பிடணும், டியூப்ல லேபிள் ஒட்டணும். புதுசா இந்த வேலைக்கு வர்றவங்க இத்த படிங்க.

கவிதான்னு வெச்சுக்கங்க, மாத்தின பேரு. தென்காசி பொண்ணு, கம்பெனி லைன்ல வேலை, வயித்துல நாலு மாசம். ரிப்போர்ட்ட வாங்கிக்கினு சிரிச்சிக்கினே வந்தா.

"இன்னாடி, லாட்டரியா?"ன்னேன்.

"எக்கா, ஆக்டிவ்னு சொல்லிட்டாங்க! புள்ள நல்லா ஆடுதாம். டாக்டர பாக்கச் சொன்னாங்க, வரிசை பெருசால்லா இருக்கு. ஷிப்டு பஸ் வந்துரும், போறேன்."

சிஸ்டர் சொன்னது ரியாக்டிவ். யாழினி வயித்துல இருந்தப்போ என் காதுலயும் ஆக்டிவ்னுதான் வுழுந்துச்சு. ஸ்வீட் வாங்கிக்கினு வூட்டுக்குப் போனவதான் நான், திரும்ப டாக்டர்கிட்ட போகவே இல்ல.

ஓடிப்போயி அவ பையப் புடிச்சேன். தனியா இட்டுக்கினு போயி சொன்னேன். "அது பாப்பா ஆடுறது இல்லடி. சிபிலிஸ்னு ஒரு நோவு, புருசன் பொண்டாட்டி சேர்றதுல ஒட்டிக்கும். ரியாக்டிவ்னா அது உன் ரத்தத்துல கீதுன்னு அர்த்தம்."

"ச்சீ! நான் அப்படிப்பட்டவ இல்லக்கா!"

"நானும்தான் இல்ல. எனக்கும் இருந்துச்சு. தெரியாம வுட்டு என் பொண்ண தொலைச்சிட்டேன். ஊசி போட்டா உன் புள்ள பொழச்சிக்கும். பஸ் போனா போவுது, வாடி!"

அழுதா. ஆனா வந்தா. திரும்ப டெஸ்ட் பண்ணாங்க, அதேதான். ஊசி போட்டாங்க.

அவ வூட்டுக்காரருதான் தகராறு. "எனக்கு எதுக்கு ஊசி? நானா மாசமா இருக்கேன்?"

"நீ போடலன்னா அவளுக்கு மறுபடியும் வரும்ணே. பயமா கீதா? கவிதாவ கையப் புடிச்சிக்கச் சொல்லட்டா?"

சிஸ்டரே சிரிச்சிட்டாங்க. மனுசன் வெக்கப்பட்டுக்கினு திரும்பிப் படுத்தாரு.

இன்னைக்கு காலைல போன். "எக்கா, பொண்ணு! அழுவுதா கேளு!" போன பாப்பா வாயாண்ட வெச்சிட்டா. இன்னா சத்தம்! பாப்பாவுக்கும் டெஸ்ட் பண்ணாங்களாம், ஒண்ணும் இல்லயாம். நான் கேம்ப்ல நின்ன எடத்துலயே குதிச்சேன்.

ஒண்ணு கத்துக்கினேன். "புரிஞ்சுதா?"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் தலையாட்டுவாங்க. "சிஸ்டர் இன்னா சொன்னாங்க, நீ சொல்லு பாப்போம்"னு கேளுங்க. அவங்க வாயால சரியா சொல்ற வரைக்கும் வுடாதீங்க.

கோயிலுக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் என் யாழினிக்காக ஒரு தபா வேண்டிக்குங்க. பேரச் சொல்லி வேண்டிக்குங்க. அந்தப் பேர கூப்பிட நான் ஒருத்திதான் கீறேன்.