முட்டையில்லாத பிறந்தநாளுக்கு ரம்புக்கனையில் ஜப்பான் சாண்ட்விச்

இல்லை, ஒரு துளி முட்டையும் இல்லை. அதற்காகத்தான் இந்தப் பயணமே.

2008 ஐப்பசி. கந்த சஷ்டி நாட்களுக்குள் அக்கா மகள் தனுவின் எட்டாவது பிறந்தநாள் வந்தது. அக்கா ஆறு நாளும் விரதம். அந்த நாட்களில் வீட்டுக்குள் முட்டை வராது, கடைக் கேக்கும் வராது. தனு அழவில்லை. தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "சித்தி, முட்டை போடாத கேக் எந்த நாட்டுலயாச்சும் இருக்கா?"

இருந்தது. பல்கலைக்கழகக் கணினி அறையில் ஒரு மத்தியானம் தேடிக் கண்டுபிடித்தேன். ஜப்பானில் இரண்டு பாண் (ரொட்டி) துண்டுகளுக்குள் அடித்த க்ரீமும் பழமும் வைக்கிறார்கள். மூலைக்கு மூலை வெட்டினால், வெட்டிய முகத்தில் பூ. அடுப்பு வேண்டாம். ரப்பர் தோட்டத்தில் அக்காவின் லயத்து வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்.

தனுவிடம் சொன்னேன். தனு வகுப்புத் தோழி ஸஹ்ராவிடம் சொன்னாள். ஸஹ்ரா நம்பவில்லை. பூ இல்லாவிட்டால் முழு வகுப்புக்கும் "தனு பொய்க்காரி" என்று சொல்வதாக ஏற்பாடு. ஆகவே பூ வந்தே ஆக வேண்டும்.

சனிக்கிழமை காலை. கொழும்பு கோட்டை நிலையம். கையில் குளிர் தாங்கும் றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி. உள்ளே ஐஸ், இரண்டு க்ரீம் பெட்டிகள், கையால் சுற்றி அடிக்கும் ஒரு கருவி. யுத்தம் நடந்த அந்த வருடம் பெட்டியோடு நிலையத்துக்குள் போவது எப்படி என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பெயரைப் பார்த்தார்கள். பெட்டியைத் திறந்தார்கள். ஐஸ் வெளிச்சத்தில் கிடந்தது. நான் ஐஸைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். கடைசியில் சீருடைப் பெண் ஒருத்தி அந்தக் கருவியைத் தூக்கிச் சுற்றிப் பார்த்து, கேக் அடிக்கவா என்று சிங்களத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன். முழு உண்மை சொல்ல ஐஸுக்கு நேரமில்லை. மூடியைச் சரியாக அழுத்தி மூடித் தந்தாள்.

மூன்றாம் வகுப்பு. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். குளிரில் தொடை மரத்துப்போனது. அது நல்ல செய்தி.

ரம்புக்கனை. அங்கிருந்து ரயில் மலை ஏறும். நாம் இறங்கிவிட வேண்டும். நிலையத்துக்கு எதிரே பேக்கரியில் சாண்ட்விச் பாண் கிடைக்கும். தடிப்பாக வெட்டித் தரச் சொல்லுங்கள். பப்பாசியும் வாழைப்பழமும் பக்கத்துக் கடையில். தோட்டம் வரை ஒன்பது கிலோமீட்டர், ஓட்டோவுக்கு நானூறு ரூபாய்.

ஓட்டோக்காரர் நஸார் நானா ஸஹ்ராவின் வாப்பா. அக்கா ஏற்பாடு. பின் சீட்டில் ஸஹ்ரா ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள், பளபளக்கும் சட்டையோடு. பெட்டியை நடுவில் வைத்தேன். அவள் அதன்மேல் காதை வைத்துப் பார்த்தாள்.

"இதுக்குள்ள மெய்யாவே பூ ஈக்கா?"

"இப்ப இல்ல. வெட்டுனாத்தான்."

"வாப்பா, இவங்களும் தனு மாதிரியே பேசுறாங்க."

நஸார் நானா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நாலு நாளா இதே கேள்விதான் தங்கச்சி. பூ வரல்லன்னா சொல்லுங்க, இப்பயே திருப்பி ஸ்டேஷன்ல உட்டுர்றேன்."

ரப்பர் மரங்களுக்கு நடுவே பாதை. மழை வரும் இருட்டு. எனக்குச் சிரிப்பும் பயமும்.

அக்கா வாசலிலேயே கருவியைப் பார்த்துவிட்டாள். "முட்டை அடிக்கிற சாமானா? வெளியவே வையி."

"புதுசுக்கா. இது முட்டையக் கண்ணால கூடப் பாத்ததில்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அனுமதி கிடைத்தது. செய்முறை இதுதான். பேசினில் ஐஸ், அதற்குள் கிண்ணம், கிண்ணத்தில் க்ரீம், கொஞ்சம் சீனி. அத்தான் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து தூங்க வேண்டியவர். கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டார். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு திடீரென்று கருவி போன தடம் க்ரீமில் மறையாமல் நின்றது. அந்த நொடியில் நிறுத்த வேண்டும். "இன்னும் கொஞ்சம் அடிக்கிறேனே" என்றார் அத்தான். அடித்தால் வெண்ணெய்.

பாணின் ஓரங்களை வெட்டி எறிந்தேன் (எறியவில்லை, ஸஹ்ராவும் தனுவும் சாப்பிட்டார்கள்). ஒரு துண்டில் க்ரீம். மூலைக்கு மூலையாக நடுவில் வாழைப்பழம், அதைச் சுற்றி விரல் மொத்தத்தில் ஐந்து பப்பாசித் துண்டுகள், எல்லாம் ஒரே திசையில். மேலும் க்ரீம். இன்னொரு துண்டு. சோற்றுப் பார்சல் கட்டும் லஞ்ச் ஷீட்டில் இறுக்கமாகச் சுற்றினேன். இங்கேதான் கவனம்: பழம் கிடக்கும் திசைக்குக் குறுக்கே வெட்டினால் பூ. அதே திசையில் வெட்டினால் நீளக் கோடுகள் மட்டும். வெளியிலிருந்து பார்த்தால் நான்கு பக்கமும் ஒரே வெள்ளை. அதனால் வெட்ட வேண்டிய கோட்டை லஞ்ச் ஷீட்டின்மேல் மார்க்கரால் போட்டேன். நான்கு சாண்ட்விச், நான்கு கோடு. பெட்டிக்குள், ஐஸ்மேல். ஒரு மணி நேரம் இறுக வேண்டும்.

தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குளிக்கப் போனேன். மலைத் தண்ணீர். பல் கிட்டியது. பாட்டு வந்தது.

திரும்பி வந்தபோது முருகன் படத்துக்கு முன் வாழை இலை. இலையில் மூன்று சாண்ட்விச்சுகள், வெறும் உடம்போடு, அழகாக வட்டமாகத் திருப்பி வைத்து. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. லஞ்ச் ஷீட்டுகள் அடுப்பில் சாம்பல்.

"அக்கா. கோடு."

"என்ன கோடு? சாமிக்கு லஞ்ச் ஷீட்டோடயா வைப்பாங்க?"

அவள் சொல்வது சரி. நான்தான் சொல்லவில்லை. எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு என்று இனி யாருக்கும் தெரியாது.

தனு கத்தியோடு நின்றாள். ஸஹ்ரா இலைக்கு மிக அருகில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஞாபகம் இருப்பதுபோல் ஒரு மூலையைக் காட்டினேன். தனு வெட்டினாள். விரித்தோம்.

சிவப்புக் கோடு. வெள்ளைக் கோடு. சிவப்புக் கோடு.

தனு கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் இருந்தாள். அத்தான் எட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு, கோடு போட்ட சட்டைத் துணி மாதிரி."

"பூ எங்க?" என்றாள் ஸஹ்ரா. கேலியில்லாத குரல். அவளுக்கும் அது வேண்டியிருந்தது.

"மத்ததயும் அறுத்துப் பாப்பமே," என்றார் அத்தான்.

"வேணாம் அப்பா," என்றாள் தனு.

அக்கா எழுந்து போய் றெஜிபோம் பெட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே நான்காவது. லஞ்ச் ஷீட்டோடு. கோட்டோடு.

"இது படைக்கல. ஸஹ்ராவுக்குன்னு எடுத்து வச்சேன். சாமிக்கு வச்சத அந்தப் புள்ள சாப்புடாதில்ல."

நான் அதை யோசிக்கவே இல்லை. ஒரு வாரமாகப் பூவை மட்டும் யோசித்தேன்.

ஸஹ்ரா பிடித்துக்கொள்ள, தனு கோட்டின் மேலேயே, லஞ்ச் ஷீட்டோடு சேர்த்து வெட்டினாள். இரண்டு பக்கமும் பூ. ஐந்து இதழில் ஒன்று சறுக்கிக் கீழே போயிருந்தது. ஸஹ்ரா குனிந்து இரண்டு பாதியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஈக்கி," என்றாள். பிறகு ஒரு பாதியைத் தனுவிடம் நீட்டினாள். "நாலு இதழ் உள்ளத நீ எடு. பர்த்டே ஒனக்குத்தானே."

இரண்டிலும் நான்குதான் நேராக இருந்தன.

போகிறவர்களுக்கு: க்ரீமை இங்கே தேட வேண்டாம், கொழும்பிலிருந்தே கொண்டுபோங்கள். ஐஸ் நான்கு மணி நேரம் தாங்கும், சோதனையில் திறக்காவிட்டால் ஐந்து. அன்னாசி வேண்டாம், தண்ணீர் விடும். அடையாளத்தை உறையில் போடாதீர்கள். பாணின் ஒரு மூலையில் ஈர்க்குக் குச்சியால் குத்திவையுங்கள். வீட்டில் யார் எதைச் சாப்பிடுவார்கள் என்று செய்வதற்கு முன் கேளுங்கள். எனக்கு அது கடைசியில்தான் உறைத்தது. அக்காவுக்கு அது ஒரு விஷயமே இல்லை, பாத்திரம் கழுவுவதுபோல.

கோடு விழுந்ததையும் சாப்பிட்டோம். ருசி ஒன்றுதான். அக்கா மணத்தை மட்டும் பார்த்தாள், விரதம். "பாலும் பழமும்தானே, இதுக்கா ஜப்பானு" என்றாள்.

மழை தொடங்கியது. நஸார் நானா ஓட்டோவை எடுக்கவில்லை. மகள் இன்னும் ஒன்று வேண்டும் என்கிறாளாம். இலையில் இருந்தவை படைத்தவை. கிண்ணத்தில் க்ரீம் மீதி இருந்தது, பாண் இல்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கடைக்கு நடந்தேன்.