டமால் அண்ணனின் ஒரே வசனம்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் தரையைத்தான் பார்ப்பார். பிறகு வலது குதிகாலால் மூன்று தட்டு, மெதுவாக, பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாமல். வங்கியில் தட்டுவார், முடிவெட்டும் கடையில் தட்டுவார், துக்க வீட்டிலும் தட்டுவார். "மரம். மெத்தை மாதிரி" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். இல்லாவிட்டால், "கல்லு. இடுப்பு போயிடும்." அவருடைய அக்காவுக்கு இனி வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும் என்று கண் மருத்துவர் சொல்லிக்கொண்டிருந்த நேரத்திலும் அந்தக் குதிகால் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது.

"கீழ என்னங்க தேடறீங்க?" என்றார் மருத்துவர்.

"ஒண்ணுமில்லீங்க. தொழில் புத்தி."

விழுவதுதான் அவர் தொழில். ஞாயிறு மாலை ஏழு மணிக்குத் தொலைக்காட்சியில் பிரபலங்களைக் கிழித்துத் தொங்கவிடும் ஒரு நையாண்டி நிகழ்ச்சி வருகிறது. தான் குளித்த தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்கும் கதாநாயகன், நகம் வெட்டியதற்குப் பத்திரிகையாளர்களைக் கூட்டும் நடிகை, மெத்தை விளம்பரத்துக்காக மேடையிலேயே விவாகரத்து செய்துகொள்ளும் நட்சத்திரத் தம்பதி என்று வாரம் ஒன்று. நடுநடுவே ஏப்பம், குசு, மார்புக்குள் வெடிக்கும் பலூன். நாகரிகமான வீடுகளில் இதைப் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே பார்ப்பார்கள். இந்த வருஷம் ஏன் என்னைக் கேலி செய்யவில்லை என்று ஒரு நடிகை போன் போட்டுச் சண்டை பிடித்ததாகவும் பேச்சு உண்டு.

இந்தப் பிரபலங்களைத் தேடி ஓடிவரும் ரசிகன்தான் அவர். ஓடிவருவார், அறை வாங்குவார், விழுவார். கார்க்கதவு திறந்து மூக்கில் இடித்தால் விழுவார். நடிகையின் நாய் குரைத்தால் விழுவார். தாடையை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, இடுப்பின் பக்கவாட்டில் முதலில் இறங்கி, உள்ளங்கையால் தரையை ஓங்கி அடித்து மல்லாந்துவிடுவார். பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு சுண்டுவிரல்தான் உடைந்தது. அதுவும் வீட்டில், குளியலறையில் வழுக்கி.

முன்பு கட்டில் பீரோ விற்கும் கடையில் சுமை தூக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் மாடிப்படியில் நாற்காலியோடு உருண்டு, நாற்காலிக்கும் சேதம் இல்லாமல் தனக்கும் சேதம் இல்லாமல் எழுந்து நின்றார். சோபா வாங்க வந்திருந்த பழைய இயக்குநர், "இன்னொரு தடவை விழ முடியுமா?" என்று கேட்டார். அன்றைக்குப் பிடித்த தொழில். டிவி நிலையத்தில் எல்லாருக்கும் அவர் டமால் அண்ணன்.

எழுதிக்கொடுக்கும் தாளில் மற்றவர்களுக்கு வசனம் இருக்கும். அவருக்கு அடைப்புக்குறிதான். (ஓடிவருகிறார்.) (அறை வாங்குகிறார்.) (விழுகிறார்.) பதினெட்டு வருஷம் அந்த இரண்டு வளைவுகளுக்குள்ளேயே குடித்தனம் நடத்தியவர். அவர் விழும் சத்தம்கூட அவருடையது இல்லை. ஒலிப்பதிவுக்காரர் ஈர ரப்பர் செருப்பை மேசையில் அடித்து அறையை உண்டாக்குவார், மணல் மூட்டையைத் தூக்கிப் போட்டு விழுவதை உண்டாக்குவார். சிரிப்பும் முன்பே பதிவு செய்து வைத்த பெட்டியிலிருந்துதான்.

இதெல்லாம் முன்பு அவருக்கு ஒரு குறையாகத் தோன்றியதில்லை. அக்காவுக்குக் கண் தெரிந்த காலம் அது. பள்ளிச் சீருடை தைத்துத் தம்பியை வளர்த்தவர், தனக்கென்று குடும்பம் அமைத்துக்கொள்ளாதவர். தம்பியும் அப்படியே இருந்துவிட்டார். காற்சட்டையின் இடுப்புக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுப்பதும் அக்காதான். ஞாயிறு மாலை நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "டேய், இன்னிக்கு இடது பக்கம் சாஞ்சு விழுந்துட்ட. பஞ்சு வலது பக்கம்தானே இருக்கு, அறிவு எங்க இருக்கு?" என்பார்.

ஐந்து வருஷமாக அந்த நாற்காலி அதே இடத்தில்தான் இருக்கிறது. அக்கா இப்போது டிவியைக் கேட்கிறார். தம்பி நாற்காலிக்கு இடது பக்கம் தரையில் உட்கார்ந்துகொள்வார். செருப்புச் சத்தம் கேட்டதும் அக்காவின் கை இறங்கி அவர் கன்னத்தைத் தொடும்.

"இது நீயாடா?"

"ஆமாக்கா."

சில வாரங்களில் அறை வாங்கியது வேறொருவராக இருக்கும். அப்போதும் ஆமாக்காதான்.

ஒரு ஞாயிறு, நிகழ்ச்சி முடிந்த பிறகு அக்கா கேட்டார்: "எல்லாரும் பேசறாங்க. நீ மட்டும் ஏன்டா பேச மாட்டேங்கற? செருப்பை வெச்சு உன்னை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு."

"பேசற வேலை இல்லக்கா என்னுது."

"ஒரு வார்த்தை பேசினா வாய் தேஞ்சா போயிடும்?"

அன்றிலிருந்துதான் அவருக்கு அந்த ஆசை வந்தது. வாராவாரம் தாள் கைக்கு வந்ததும், தன் பெயருக்கு நேரே அடைப்புக்குறி இல்லாமல் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு "ஐயோ" இருந்தால்கூடப் போதும். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற சுபாவம் கிடையாது. மூன்று வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வசனம் பேசும் ரசிகனாக வரும் இன்னொரு நடிகருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கி முகம் வீங்கிவிட்டது. இப்போதைய இயக்குநர் ஒரு பெண். டமால் அண்ணனைவிட இருபது வயது சின்னவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "டமால் அண்ணே, அடுத்த வாரம் நீங்க சொல்லிடறீங்களா?" என்றார்.

"நானா மேடம்? வாயாலயா?"

"பின்ன, இடுப்பாலயா?"

காட்சி இதுதான். காரிலிருந்து நட்சத்திரம் இறங்குகிறார். ரசிகன் ஒரு பழைய சட்டையோடு ஓடிவருகிறான். நட்சத்திரத்துக்கு ரசிகர்களைக் கண்டாலே மூக்கு அரிக்கும். கையை மூக்குக்குக் கொண்டுபோகிறார். அப்போது ரசிகன் சொல்கிறான்: "தலைவா! நீங்க தும்மின சட்டை இது. அஞ்சு வருஷமா துவைக்கவே இல்ல!" நட்சத்திரம் நெகிழ்ந்து அதே சட்டையில் இன்னொரு தடவை தும்முகிறார். ரசிகன் ஆனந்தத்தில் மயங்கி விழுகிறான்.

அந்தத் தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் படித்துக் காட்டினார்.

"இதுதானா வசனம்? உன் சட்டை எல்லாமே அப்படித்தானே கிடக்கு."

"அக்கா!"

"சரி சரி. சொல்லு பாப்போம்."

ஒரு வாரம் முழுக்க ஒத்திகை. அக்கா நாற்காலியில் நட்சத்திரமாக உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுவார். தம்பி சமையலறையிலிருந்து ஓடிவருவார்.

"பிச்சை கேக்கற மாதிரி சொல்லாத. நீ கேக்கவா வந்திருக்க? அஞ்சு வருஷம் காப்பாத்தி வெச்சதைக் காட்ட வந்திருக்க. நெஞ்சை நிமித்திச் சொல்லு."

நிமிர்த்திச் சொன்னார்.

"இப்ப பரவால்ல. ஆனா 'தலைவா'ல தொண்டை கட்டுது. கஞ்சன் உண்டியலைத் திறக்கற மாதிரி வாயைத் திறக்கறியே."

மூன்றாம் நாள் வசனம் தண்ணீர் மாதிரி வந்தது. அக்கா பூரித்துப்போய் மாடி வீட்டு அம்மாவிடமும், பஸ் ஓட்டும் அவர் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டார். "அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, ஏழு மணிக்கு ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வந்துடணும். என் தம்பி பேசறான்."

ஒத்திகையில் ஒரு குறை இருந்தது. அது இருவருக்குமே தெரியவில்லை. அக்கா மூக்கை உறிஞ்சினாரே தவிரக் கையைத் தூக்கவில்லை.

ஒளிப்பதிவு நாள். கார்க்கதவு திறந்தது. பொய்மார்பும் பொய்முடியுமாக நட்சத்திர வேஷக்காரர் இறங்கினார். டமால் அண்ணன் சட்டையை ஏந்திக்கொண்டு ஓடினார், நின்றார், நெஞ்சை நிமிர்த்தினார். வாய் திறந்தது. வேஷக்காரரின் கை மூக்கை நோக்கி உயர்ந்தது.

இத்தனை வருஷமாக, முகத்துக்கு நேரே ஒரு கை உயர்ந்தால் அந்த உடம்புக்கு ஒரே ஒரு வேலைதான். தாடை நெஞ்சோடு ஒட்டியது, மூச்சு வெளியே போனது, இடுப்பு இறங்கியது. ஒரு வசனம் முந்தி விழுந்துவிட்டார்.

கூடத்தில் பதினாறு பேர் இருந்தார்கள். பதினாறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விளக்குப் பிடிப்பவர் விளக்கை ஆட்டிவிட்டார். வேஷக்காரர், "நான் இன்னும் தும்மவே இல்லையேடா!" என்று தானாக ஒரு வரி சேர்த்தார். அதற்கு இன்னொரு சிரிப்பு.

"தங்கம்ணே! இதையே வெச்சுக்கலாம்" என்றார் இயக்குநர்.

அவர் தரையிலிருந்தபடியே, "இன்னொரு தடவை எடுக்கலாமா மேடம்?" என்று கேட்டார். வந்த நாளிலிருந்து அவர் எதையும் கேட்டதில்லை. அதனாலேயே இயக்குநரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

அவர் வேஷக்காரரிடம் போய், "தும்மறப்போ கையை மட்டும் தூக்காதீங்க. புண்ணியமாப் போகும்" என்று கேட்டுக்கொண்டார். இரண்டாவது தடவை வேஷக்காரர் கையைத் தூக்கவில்லை. வசனம் ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தது, அக்கா சொல்லிக்கொடுத்த அதே நிமிர்வோடு. தடுக்கக் கை இல்லாததால் தும்மல் உண்மையாகவே சட்டையில் பொழிந்தது. எழுதியிருந்தபடி ஆனந்தமாக விழுந்தார். விழுந்த வேகத்தில் சட்டையின் தோள் தையல் பிரிந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை.

"நல்லா சொன்னீங்கண்ணே" என்றார் இயக்குநர், காகிதத்தைப் பார்த்துக்கொண்டு. "எதைப் போடறதுன்னு பாக்கலாம்."

உடைகளைக் கவனிக்கும் அம்மா சட்டையை அவர் பையில் திணித்து, "நாத்தம் புடிச்சுடும், வீட்டுல துவைச்சுக் கொண்டாங்க" என்றார்.

ஒளிபரப்புக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அக்காவிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. போட்டாலும் போடுவார்கள் என்று நினைத்தார். அக்கா தினமும் காலையில், "இன்னும் எத்தனை நாள்டா?" என்று கேட்பார். அவர் எண்ணிக்கையைச் சொல்வார்.

அந்த ஞாயிறு மாடி வீட்டு அம்மாவும் வீட்டுக்காரரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். அக்கா தலைவாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு, டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். கார்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஓடிவரும் காலடி கேட்டது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

மணல் மூட்டை விழுந்தது. பெட்டிச் சிரிப்பு அலையலையாக வந்தது. "நான் இன்னும் தும்மவே இல்லையேடா!" மறுபடி சிரிப்பு. பிறகு சோப்பு விளம்பரம்.

மாடி வீட்டு அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. "என்னங்க, உங்க தம்பி பேசவே இல்லையே. வந்தாரு, பொத்துன்னு விழுந்தாரு."

"விழறது அவன் தொழிலு. பேசறது என் தொழிலு" என்றார் அக்கா. "டீ ஆறிடும், குடிங்க."

அவர்கள் போன பிறகு அக்கா டிவியை அணைக்கச் சொன்னார்.

"சொல்லவே இல்லையாடா?"

"சொன்னேன்க்கா. ரெண்டாவது தடவை சொன்னேன். அதைப் போடல."

"நல்லா சொன்னியா?"

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே."

"சிரிச்சாங்களா?"

"ஒருத்தரும் சிரிக்கல."

"இப்ப சொல்லு. நான் கேக்கறேன்."

அவர் எழுந்து நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார். குதிகால் தரையை மூன்று தட்டுத் தட்டியது. "இங்க வேணாம்க்கா" என்றார். "டிவில வரணும்."

அக்கா வற்புறுத்தவில்லை. "அந்தச் சட்டை எங்க?" என்று கேட்டார். தம்பி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா அதை மடியில் விரித்துக் காலரில் தொடங்கிக் கையால் தடவிக்கொண்டே வந்தார். பிரிந்திருந்த தோளை விரல் கண்டுபிடித்தது. ஊசியில் நூல் மட்டும் கோத்துத் தரச் சொன்னார். மீதியை விரல் பார்த்துக்கொண்டது. தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தார்.

"குடுங்கக்கா. துவைச்சுத் திருப்பிக் குடுக்கணும்."

"அதுக்குள்ள என்ன அவசரம்? அஞ்சு வருஷம் ஆகட்டும்."

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. சட்டை அவர்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, துவைக்காமல். உடைகளைக் கவனிக்கும் அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டார். கடைவாய்ப்பல் நடிகர் திரும்பி வந்து பேசிக்கொண்டிருக்கிறார். டமால் அண்ணன் வாராவாரம் தாளை வாங்கி, தன் பெயருக்கு நேரே பார்த்துவிட்டு, மடித்து வைக்கிறார். அடைப்புக்குறிகள் அப்படியே இருக்கின்றன.

ஞாயிறு ஏழு மணிக்கு அவர் நாற்காலிக்கு இடது பக்கம் தரையில் உட்கார்ந்திருக்கிறார். செருப்புச் சத்தம் கேட்கிறது. அக்காவின் கை காற்றில் உயர்ந்து அவர் முகத்தைத் தேடி வருகிறது. அந்தக் கைக்கு மட்டும் அவர் விழுவதில்லை. கன்னத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறார்.